அரை மாத்திரை வீட்டுக்காரம்மா

வீட்டுக்காரம்மா ஒரு பேச்சைத் தொடங்கி, அதை நாம் முடித்துவைத்தால், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு முதல் வார்த்தையிலிருந்து திரும்ப ஆரம்பிப்பார். அதற்குக் கோபமே தேவலை.

நான் குடிபோன புதிது. சி ஷிப்ட் முடித்து விடியற்காலையில் வந்து, பல்கூட விளக்காமல் பாயை விரித்துக்கொண்டிருந்தேன். அந்தம்மா அறை வாசலில் வந்து நின்றார்.

"மோட்டாரு..." என்றார்.

"நிறுத்தணுமாம்மா?"

துண்டு வாய்க்குப் போனது. "மோட்டாரு..."

"போடணுமா?"

மறுபடி துண்டு. மறுபடி "மோட்டாரு..."

எனக்குப் பதற்றம் வந்துவிட்டது. பதற்றம் வந்தால் எனக்கு மூளை முதலில் கிளம்பாது, கால்தான் கிளம்பும். ஓடிப்போய் சுவிட்சில் கை வைத்தேன். கரண்ட் என்னைத் தூக்கிக் கொண்டுபோய்த் துவைக்கிற கல்மேல் உட்காரவைத்தது. அந்தம்மா அவசரமே இல்லாமல் நடந்து வந்து, எதிரில் நின்று, முதலிலிருந்து சொன்னார்.

"மோட்டாரு சுச்சு ஷாக் அடிக்குது, தொடாதன்னு சொல்ல வந்தேன்."

துடைத்துக்கொண்டார். "நீ இன்னாத்துக்கு என் பேச்ச முடிக்கிற? எனக்கு வாய் கீது. கோணையா கீது. ஆனா என்னுது."

இது தொண்ணூற்றொன்றில். படப்பையிலிருந்து ஒரகடம் போகிற ரோட்டின் இரண்டு பக்கமும் அப்போது நெல்லும் முள்வேலியும்தான். இடையிடையே போர்டு பெரிதாகவும் கம்பெனி சிறிதாகவும் சில தொழிற்சாலைகள் முளைத்திருந்தன. அதில் ஒன்றில், பம்புகளுக்கு ரப்பர் வாஷர் அச்சடிக்கிற இடத்தில், எனக்கு வேலை. இரவெல்லாம் சூடான அச்சின் முன்னால் நின்று ரப்பர் மணத்தோடு வருவேன். அந்தம்மா என் பேரைக் கேட்டுத் தெரிந்துகொண்டபிறகும் "சி ஷிப்ட்டு" என்றுதான் கூப்பிட்டார். பக்கத்து அறையில் ஜெனரல் ஷிப்ட்டு ஒருத்தன் இருந்தான். அவன் பேர் அவர் காலம் முடியும்வரை "ஜென்ரல்". அவனுக்கு அதில் ரொம்பப் பெருமை.

அவருக்கு அப்போது நாற்பத்தைந்து வயதிருக்கும். புருஷன் போய்ச் சில வருஷம். பிள்ளை இல்லை. நாங்கள் வருவதற்கு முந்தைய வருஷம் பக்கவாதம் வந்து, கையும் காலும் மெல்லத் திரும்பிவந்துவிட்டன. வாய் மட்டும் பாதி வழியில் நின்றுவிட்டது. இடது ஓரம் இறங்கிப்போய், அங்கிருந்து எச்சில் ஒழுகிக்கொண்டே இருக்கும். வாயில் ஊறுகிற எச்சிலை நாமெல்லாம் நமக்கே தெரியாமல் விழுங்கிக்கொண்டிருக்கிறோமாம். அந்த வேலையை அவர் தொண்டை மறந்துவிட்டது.

அதனால் தோளில் எப்போதும் ஒரு துண்டு. கொடியில் ஏழெட்டுத் துண்டு காயும். தெருவுக்குப் புதிதாக வந்த ஒருவர் அதைப் பார்த்துவிட்டு வாசலில் நின்று, "கட்டிங்குக்கு எவ்ளோ?" என்று கேட்டார். அந்தம்மா அவரை உட்காரவைத்து, நிதானமாக, முழு வாக்கியமாக, அது சலூன் இல்லை என்று சொல்லி முடித்தார். அவர் எழுந்து போகும்போது அவருக்கு நிஜமாகவே முடி வளர்ந்திருந்தது என்று ஜென்ரல் சொல்வான்.

டீக்கடைக்காரர் அந்தம்மாவுக்கென்று ஒரு கிளாஸைத் தனியாக ஓரத்தில் கவிழ்த்துவைக்க ஆரம்பித்தார். அவர் அதைக் கவனித்தார். டீ குடித்தார். கிளாஸைக் கழுவினார். இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பினார்.

"யம்மா, கிளாஸு!"

"எனக்குன்னுதான வெச்ச? அப்ப என்னுது."

இப்படி மூன்று கிளாஸ் வீட்டுக்கு வந்து சேர்ந்தபிறகு டீக்கடைக்காரர் எல்லாருக்கும் ஒரே கிளாஸில் கொடுக்கத் தொடங்கினார்.

இவ்வளவு பேசுகிறேனே, அந்தம்மாவின் பேச்சை முடித்துவைப்பதில் நான் வெறும் கற்றுக்குட்டி. அதில் கைதேர்ந்தவர் அவர் கொழுந்தன், செத்துப்போன புருஷனின் தம்பி. வெள்ளைச் சட்டை, மெல்லிய குரல், யாரைப் பார்த்தாலும் கும்பிடு. "அண்ணி இன்னா சொல்றாங்கன்னா..." என்று ஆரம்பிப்பார். அந்தம்மா "சோறு..." என்றால், "அண்ணிக்கு சோறு போதுமாம்" என்று இலையை எடுக்கச் சொல்லிவிடுவார். அந்தம்மா பசியோடு முதலிலிருந்து தொடங்குவார். அதற்குள் இலை தெருவுக்குப் போயிருக்கும்.

கொழுந்தன் பேச்சோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அந்தம்மா ஆஸ்பத்திரியில் நினைவு தெளிந்தும் தெளியாமலும் படுத்திருந்த நாட்களில், செலவுக்கு வேண்டியிருக்கும் என்று சொல்லி ஒரு பவர் பத்திரத்தில் கையெழுத்து வாங்கியிருந்தார். அந்தம்மாவுக்குப் பதிலாகக் கொழுந்தனே கையெழுத்துப் போட்டு அந்தம்மாவின் சொத்தை விற்கலாம் என்கிற பத்திரம். சொத்து என்றால் இந்த வீடும், பிள்ளைப்பாக்கம் பக்கத்தில் புருஷன் விட்டுப்போன நிலமும்.

ஒருநாள் அந்த நிலத்தில் மஞ்சள் பெயின்ட் அடித்த மனைக்கற்கள் வரிசையாக நட்டிருப்பதாகச் சேதி வந்தது. கிரயத்துக்கு நல்ல நாளும் பார்த்தாகிவிட்டதாம். அதற்கு அடுத்தபடி இந்த வீடு.

அந்தம்மா அழவில்லை. என்னையும் கூட்டிக்கொண்டு பத்திரம் எழுதுகிறவரிடம் போனார். பத்திரக்காரர் எல்லாவற்றையும் விளக்கினார். பவரை ரத்து செய்யலாம். ஆனால் கிரயத்துக்கு முன்னால் செய்ய வேண்டும். அந்தம்மாவே ரிஜிஸ்தர் ஆபீசுக்குப் போய், சார்பதிவாளர் முன்னால் தன் வாயால் சொல்ல வேண்டும்.

"உங்க கொழுந்தன் அங்க வந்து, இவங்களுக்குப் புத்தி சரியில்லன்னு ஆட்சேபம் சொல்லுவாரு. ரிஜிஸ்டராருக்கும் அப்படித் தோணிச்சின்னா எழுதிக்க மாட்டாரு. அவ்ளோதான்மா."

இதைச் சொல்லும்போது அவர் அந்தம்மாவின் கண்ணைப் பார்க்கவில்லை. முகவாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே சொட்டிக்கொண்டிருந்தது.

அந்தம்மா துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "இத்த நிறுத்தறதுக்கு மாத்திர கீதாம். பட்டணத்துக்கு நீ வா."

ஏன் நான் என்று கேட்கக் கூடாது. பகலில் தூங்குகிறவன் அவர் கணக்கில் வேலையில்லாதவன்.

பெரிய ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டர் அறைக்கு வெளியே ஒரு நீள பெஞ்சு. அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் பலர் ஏற்கெனவே அந்த மாத்திரையைச் சாப்பிடுகிறவர்கள். அந்தம்மா டாக்டரைப் பார்ப்பதற்கு முன் அவர்களை விசாரித்தார்.

கை நடுக்கம் வந்த லேத் மேஸ்திரி ஒருவர் சொன்னார். "எச்சில் நிக்கிது. அதுல குத்தம் சொல்ல முடியாது. ஆனா நாக்கு... நாக்கா இது? செருப்புத் தோலு. இட்லிய மோருல கரச்சித்தான் குடிக்கிறேன்."

அவருக்கு அந்தப் பக்கம் இருந்த பெரியவர், "மூத்திரம் பேய நின்னா..." என்று ஆரம்பித்து, ரொம்ப நேரம் நிறுத்தி, "எனக்குப் பின்னாடி வந்த மூணு பேரு போயிட்டு வந்துடறான்" என்று முடித்தார்.

ஓரத்தில் ஒரு தாய், வளர்ந்த மகனோடு. மகனுக்குப் பிறந்ததிலிருந்தே கைகால் இழுப்பு. கழுத்தில் துணி கட்டியிருந்தது. "எச்சிலோட வேர்வையும் நின்னுபோவுதும்மா. தேர் பாக்க வெயில்ல கூட்டிக்கினு போனேன், புள்ள மொளகாப் பழமாட்டம் செவந்துட்டான். ஒடம்பு கொதிக்குது, ஒரு பொட்டு வேர்வ இல்ல. இப்பல்லாம் வெயில் நாளுன்னா குடுக்கறதில்ல."

அந்த மகன் தலையை ஆட்டி ஆட்டி எதையோ சொல்ல முயன்றான். "எனக்கு... மாத்திர... புடிக்கும்."

"ஏம்பா?" என்றார் வீட்டுக்காரம்மா.

அவன் வாய் கோணி, திரும்பி, மறுபடி கோணியது. எனக்கு நாக்கின் நுனியில் ஏழெட்டு பதில் வந்து நின்றது. கன்னத்தைக் கடித்துக்கொண்டேன். பெஞ்சில் இருந்தவர்களுக்கு எந்த அவசரமும் இல்லை. லேத் மேஸ்திரி நடுங்குகிற கையை மடியில் வைத்துக்கொண்டு, சினிமா பார்ப்பதுபோல் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சட்ட... காஞ்சி... இருக்கும்" என்றான் அவன்.

எல்லாரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அந்த பெஞ்சில் யாரும் யாருடைய பேச்சையும் முடித்துவைக்கவில்லை. வீட்டுக்காரம்மா அவ்வளவு சுகமாக எங்கேயும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. டாக்டர் கூப்பிட்டபோது எழுந்துபோக மனசில்லாமல்தான் போனார்.

டாக்டரம்மா சின்ன வயசு, கறார். "அரை மாத்திரையில ஆரம்பிங்க. வாய் காயும், மலச்சிக்கல் வரும், கண்ணு கொஞ்சம் மங்கும், வேர்க்காது. வெயில்ல அலையாதீங்க, தண்ணி குடிங்க. ஒண்ணு போட்டா நல்லாருக்கேன்னு நீங்களா ரெண்டு போட்டுக்காதீங்க. புரியுதா?"

அந்தம்மா ஒருமுறை தலையாட்டினார். நான் அவருக்கும் சேர்த்துப் பலமுறை ஆட்டினேன்.

அரை மாத்திரை போட்ட முதல் நாள் தெருவுக்கே தெரிந்துபோனது. வாய் லேசாகக் காய்ந்து, வார்த்தை வழுக்காமல் வந்தது. ஒரு வருஷமாகச் சொல்ல முடியாமல் வைத்திருந்த திட்டுகளையெல்லாம் வீடு வீடாகப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். குப்பையை எங்கள் வாசல் பக்கம் தள்ளுகிற எதிர்வீட்டுக்கு ஒன்று. டீக்கடைக்கு ஒன்று. தண்ணீரை வீணாக்குகிற ஜென்ரலுக்கு இரண்டு. தோளில் இருந்த துண்டு கைக்குட்டையாகச் சுருங்கியது. சாயங்காலம் கண்ணாடியில் ரொம்ப நேரம் முகவாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் துணிந்து முழு மாத்திரை. அன்றைக்கு இட்லி தொண்டையில் நின்றது. வாசல் படலை மறித்துக்கொண்ட எருமை மாதிரி நின்றது என்று பிறகு அவரே சொன்னார். கண் மங்கி, என்னைப் பார்த்து "வா ஜென்ரலு" என்றார். உச்சி வெயிலில் உடம்பு கொதித்து, குழாயடியில் புடவையோடு உட்கார்ந்துகொண்டார். நான் கதவுக்கும் குழாய்க்கும் ஓடிக்கொண்டிருந்தேன். "டேய், உக்காரு. ஒன்னப் பாத்தா எனக்குத் தல சுத்துது. மாத்திரைக்கு இல்ல" என்றார்.

அதோடு அரையே சரி என்று முடிவாகிவிட்டது. பின்னாளிலும் அப்படித்தான் இருந்தார். காலையில் வானத்தைப் பார்ப்பார். வெயில் காட்டமாக இருந்தால் மாத்திரை கிடையாது, துண்டுதான். கல்யாணம், காது குத்து என்றால் அரை. எதிராளி யார், எவ்வளவு நேரம் பேச வேண்டியிருக்கும், அதற்கு எவ்வளவு ஈரம் வேண்டும் என்று யோசித்து எடுத்துக்கொள்வார். இன்று என் சட்டைப்பையிலும் ஒரு மாத்திரை அட்டை இருக்கிறது. ஒருவேளை மறந்தால் செத்துப்போய்விடுவேன் என்று பயந்து, சாப்பிட்டேனா இல்லையா என்று மனைவியை எழுப்பிக் கேட்கிற ஆள் நான். அந்தம்மாவை அப்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

ஆனால் அந்த நிதானசாலி அதற்கப்புறமும் ஒரே ஒருநாள் கணக்கைத் தப்பாகப் போட்டார். ரிஜிஸ்தர் ஆபீசுக்குப் போன நாள்.

மறுநாள் கிரயம். ஆகவே இன்று விட்டால் நிலம் போனது. பின்னாலேயே வீடும் போகும். அந்தம்மா தலைக்குக் குளித்து, கஞ்சி போட்ட புடவை கட்டி, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். முகவாய் சுத்தமாகக் காய்ந்திருந்தது. கையில் துண்டு இல்லை. எனக்கு ஏதோ உறுத்தியது.

"அரை போட்டீங்களாம்மா?"

இரண்டு விரலைக் காட்டினார்.

"ரெண்டு அரையா?"

இல்லை என்று தலையாட்டினார். நாக்கை மேலண்ணத்திலிருந்து பிரித்தெடுக்கிற சத்தம் 'டக்' என்று கேட்டது. "ரெண்டு... முழுசு. அவன் எனக்குப் பதிலா கையெழுத்துப் போடறான் இல்ல... நான் அவனுக்குப் பதிலா ஒண்ணு... போட்டுக்கினேன்."

பெரிய காரியத்துக்குப் பெரிய அளவு. கல்யாணப் புடவைக்கு இரண்டு மடங்கு கஞ்சி போடுகிற மாதிரி யோசித்திருக்கிறார். பஸ்ஸிலேயே எனக்கு வேர்த்துக் கொட்டியது. அவருக்கு வேர்க்கவில்லை. அவருடையதும் என் முதுகில்தான் இறங்கிக்கொண்டிருந்தது.

ஆபீசில் பத்திரக்காரர் பத்திரத்தோடு காத்திருந்தார். எங்களுக்கு முன்பே கொழுந்தனும் வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, கும்பிடு. அன்றைக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டியவன் நான். எங்கள் முறை வந்தது. சார்பதிவாளர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நிமிர்ந்தார்.

"உக்காருங்கம்மா. உங்க பேர் என்ன?"

அந்தம்மா வாயைத் திறந்தார். 'டக்' என்று ஒரு சத்தம். இன்னொரு 'டக்'. பேர் வரவில்லை. நாக்கு பலகையில் ஆணி அடித்ததுபோல் ஒட்டிக்கொண்டது. முகம் செங்கல் நிறத்துக்கு வந்திருந்தது. சார்பதிவாளர் பத்திரத்தை நீட்டி, படிக்கச் சொன்னார். அந்தம்மா அதைத் தூர வைத்துப் பார்த்தார், கிட்டே கொண்டுவந்து பார்த்தார், மறுபடி தூர வைத்தார். எழுத்து அவருக்கு எறும்புக் கூட்டமாகத் தெரிந்ததாம்.

கொழுந்தன் அப்போது முன்னால் வந்தார். குரலில் அவ்வளவு கருணை. "சார், பாவம் சார் அண்ணி. பேரே ஞாபகம் வரல பாருங்க. அண்ணி இன்னா சொல்ல வராங்கன்னா, கொழுந்தனே பாத்துக்கட்டும்னு..."

அந்தம்மா மேசையில் ஓங்கி ஓர் அடி அடித்தார். ரப்பர் ஸ்டாம்புகள் எழும்பி உட்கார்ந்தன.

என் கால் கிளம்பிவிட்டது. "சார்! மாத்திரை சார்! எச்சில் நிக்கறதுக்கு ரெண்டு போட்டுட்டாங்க சார்! வாய்தான் சார் காஞ்சிபோச்சு, மூளை ஈரமாத்தான் சார் இருக்கு!"

அறையில் சிரிப்பு எழுந்தது. சார்பதிவாளர் சிரிக்கவில்லை.

"நீங்க யாரு?"

"சாட்சி சார்."

"சாட்சி இப்படிப் பதறினா யாரை நம்பறது?" பேனாவை மூடினார். "அம்மா, இன்னொரு நாள் வரீங்களா?"

அந்தம்மா இல்லையென்று தலையாட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். வெளியே மரத்தடியில் கிடந்த பெஞ்சைக் காட்டினார். பிறகு தன்னைக் காட்டினார். பிறகு மறுபடி அவர் மேசையைக் காட்டினார்.

சார்பதிவாளர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "சரி. இன்னிக்குக் கடைசியா கூப்பிடறேன். அப்பவும் நீங்களேதான் சொல்லணும். இந்தச் சாட்சியும் சொல்லக் கூடாது, உங்க கொழுந்தனாரும் சொல்லக் கூடாது."

எதிர்ச்சாரியில் இருந்த டாக்டரிடம் ஓடினேன். அவர் வந்து நாடி பார்த்து, கண்ணை விரித்துப் பார்த்து, "நிழல்ல உக்காரவைங்க. தலையில ஈரத் துணி. தண்ணியக் கொஞ்சம் கொஞ்சமா குடுங்க. பேச்சு உளறினாலோ, மயக்கம் வந்தாலோ உடனே தூக்கிட்டு வாங்க. மத்தபடி மருந்து இறங்கறவரைக்கும் காத்திருக்கிறதுதான் வைத்தியம்" என்றார்.

காத்திருப்பதா? என்னிடமா? நான் ஒரு சொம்புத் தண்ணீரைத் தலையில் ஊற்றியும், அடுத்த சொம்பை வாயில் கொடுத்தும், இடையில் "பேச்சு உளறுதா?" என்று கேட்டுக்கொண்டும் இருந்தேன். பேச முடியாதவரிடம் பேச்சு உளறுகிறதா என்று கேட்டவன் நான் ஒருத்தன்தான் இருப்பேன்.

மாதக்கணக்கில் நிற்காதா நிற்காதா என்று எல்லாரும் ஏங்கிய எச்சில், அன்று வராதா வராதா என்று ஆகிவிட்டது. அதற்காக நான் கூப்பிடாத சாமி இல்லை. பக்கத்தில் மாதா கோவில் மணி அடித்தபோது மாதாவையும் கேட்டேன்.

ஆபீஸ் வாசலில் ஒருத்தி மாங்காய்ப் பத்தை விற்றுக்கொண்டிருந்தாள். எனக்கு யோசனை வந்தது. கிளிமூக்கு மாங்காய், உப்பு, மிளகாய்த்தூள். வாங்கிவந்து அந்தம்மாவின் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கண்ணைச் சுருக்கி, நாக்கைச் சப்புக்கொட்டித் தின்றேன். பல் கூசியது. தின்னத் தின்ன என் வாயில் ஊறி, என் முகவாயில் வழிந்தது. போகிறவர்கள் எங்கள் இருவரில் நோயாளி யார் என்று பார்த்துவிட்டுப் போனார்கள். அந்தம்மா மங்கிய கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். காய்ந்த உதடு கொஞ்சம் நீண்டது. சிரிப்பு.

கையை நீட்டி ஒரு பத்தையை வாங்கி நாக்கில் வைத்துக்கொண்டார். ஒன்றும் ஆகவில்லை. வைத்தது வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

வெயில் மரத்துக்கு அந்தப் பக்கம் போனது. கொழுந்தன் ஒரு கோலி சோடாவை உடைத்துக் கொண்டுவந்தார். "குடிங்க அண்ணி. இன்னாத்துக்கு இந்தப் பாடு? வீட்டுக்குப் போலாம் வாங்க." அந்தம்மா சோடாவை வாங்கினார். மடக்கு மடக்காக முழுவதும் குடித்தார். பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தார். எழுந்திருக்கவில்லை.

ஆபீசில் கூட்டம் கரைந்துவிட்டது. பியூன் பாதி ஜன்னல்களைச் சாத்திவிட்டான். நான் அந்தம்மாவின் வாயின் இடது ஓரத்தை, அச்சிலிருந்து வாஷர் கழல்கிறதா என்று பார்ப்பதுபோல், இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு பொட்டு மினுங்கியது. அது பெரிதாகி, நடுங்கி, உருண்டு, முகவாய்க்கு இறங்கியது.

"வந்துடுச்சு!" என்று கத்தினேன். "வந்துடுச்சும்மா! ஒழுவுது!"

'டக்' என்று நாக்கு பிரிந்தது. இரண்டாவது 'டக்' இல்லை.

"கத்தாத" என்றார் அந்தம்மா. "சாட்சி."

கடைசியாகக் கூப்பிட்டார்கள். அந்தம்மா நடந்துபோய் நாற்காலியில் உட்கார்ந்தார். சார்பதிவாளர் பேர் கேட்டார், சொன்னார். புருஷன் பேர் கேட்டார், சொன்னார். நிலம் எங்கே இருக்கிறது, இன்றைக்கு என்ன கிழமை, பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார், எல்லாவற்றையும் சொன்னார். மருந்து விட்டுப்போன வேகத்தில், நாளெல்லாம் வராதது இப்போது சேர்த்து வந்தது. துண்டு இல்லை. முந்தானையால் துடைத்துக்கொண்டார்.

"எதுக்காக வந்திருக்கீங்க? உங்க வாயால சொல்லுங்க."

"நான்..." என்றார் அந்தம்மா. ஒழுகியது. துடைத்தார். "நான் படுத்துக்கினு..."

சார்பதிவாளருக்கும் வீட்டுக்குப் போகிற நேரம். "பவர் குடுத்தீங்க, அதை ரத்து பண்ணணும். அதானே?"

அந்தம்மா அவரைப் பார்த்தார். முந்தானை வாய்க்குப் போனது. ஐயோ, இவரிடமுமா, வேண்டாம்மா, ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் என்று மனசுக்குள் கும்பிட்டேன்.

"நான்..." என்று முதலிலிருந்து தொடங்கினார்.

"சார், அண்ணி இன்னா சொல்றாங்கன்னா..." என்றார் கொழுந்தன்.

சார்பதிவாளர் அவர் பக்கம் பேனாவை உயர்த்தினார். அவ்வளவுதான். தலைக்குமேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அந்தம்மா மூன்றாவது முறை தொடங்கினார். நடுவில் நிறுத்தினார், துடைத்தார், விட்ட இடத்திலிருந்து பிடித்தார்.

"நான் படுத்துக்கினு இருந்தப்போ குடுத்த பவர... உக்காந்துக்கினு இருக்கிறப்போ... திருப்பி வாங்கிக்கிறேன்."

சார்பதிவாளர் குனிந்து எழுதினார். எழுதிவிட்டுப் பத்திரத்தைத் திருப்பி வைத்தார். "ரேகையா, கையெழுத்தா?"

"கையெழுத்து."

கண் இன்னும் முழுசாகத் தெளியவில்லை. குமாஸ்தா கோட்டுக்கு நேராக ஒரு ஸ்கேலை வைத்துக் காட்டினார். அந்தம்மா மை பேனாவைப் பிடித்து, ஒவ்வோர் எழுத்தாக, சுழி சுழியாக எழுதினார். கடைசி எழுத்தை முடித்துப் பேனாவை எடுத்தபோது, வாயின் இடது ஓரத்திலிருந்து ஒரு சொட்டு நேராகக் கையெழுத்தின் வால்மேல் விழுந்தது.

மை மெல்ல விரிந்தது.

"ஐயோ" என்றேன். பத்திரக்காரர் நெற்றியில் அடித்துக்கொண்டார். கொழுந்தன் பாய்ந்து வந்து எட்டிப் பார்த்தார். "சார், கையெழுத்து கலைஞ்சிடுச்சி. எச்சில் பட்ட பத்திரம் சார். இது எப்படிச் செல்லும்? வேற எழுதி, இன்னொரு நாள்..."

சார்பதிவாளர் அந்தச் சொட்டைப் பார்த்தார். பிறகு அந்தம்மாவைப் பார்த்தார். "என்னம்மா?"

அந்தம்மா குனிந்து கையெழுத்தைப் பார்த்தார். வால் மட்டும்தான் கொஞ்சம் பரவியிருந்தது. மற்றதெல்லாம் நின்ற இடத்தில் நின்றது.

"காயும்" என்றார்.

சார்பதிவாளர் பத்திரத்தை இரண்டு கையாலும் தூக்கி, மின்விசிறிக்கு நேராக மேசை நடுவில் வைத்து, மூலைக்கு ஒன்றாக ஸ்டாம்புகளை வைத்தார். பிறகு அவரும் எழுந்து நின்று பார்த்தார். குமாஸ்தா, பத்திரக்காரர், பியூன், கொழுந்தன், நான், எல்லாரும் அந்த ஒரு சொட்டைச் சுற்றி வாயைத் திறக்காமல் நின்றோம். அந்தம்மா மட்டும் உட்கார்ந்திருந்தார்.